ஒன்பதாவது தாள்

ஹோஹன்லிண்ட் கோட்டை, 1741 பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

என் கையெழுத்தைப் பார்த்ததும் இதை அடுப்பில் போடப் போவாய் என்று தெரியும். கொஞ்சம் பொறு. முதலில் படி. என் உயிர் விஷயம்.

இங்கிருந்து போகும் கடிதங்களை எல்லாம் மேற்பார்வையாளர் ஷ்டுல்ப் வாசலில் வைத்துப் பிரித்துப் படிக்கிறார். பீங்கான் செய்கிற ரகசியம் வெளியே போய்விடுமாம். நான் படம் தீட்டுகிறவன். களிமண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்தது அது வெள்ளையாய் இருக்கும் என்பது மட்டும்தான். ஆனாலும் இரண்டு வருஷமாய் மலையை விட்டு இறங்க விடவில்லை. அதனால் இதை வைக்கோல்காரி கிரெட்லிடம் கொடுத்து அனுப்புகிறேன். சாமான் பொதிய வைக்கோல் கொண்டு வருகிறவள். வண்டி காலியாய் ஆக்ஸ்பர்க் திரும்பும்போது கடிதம் அவள் பூட்ஸுக்குள் இருக்கும். பதிலையும் அவளிடமே கொடு. நாற்றத்துக்கு நான் பொறுப்பல்ல.

விஷயத்துக்கு வருகிறேன். பிரபுவின் புது மனைவி கர்ப்பமாய் இருக்கிறாள். ஜூனில் பிரசவம். பையன்தான் பிறப்பான் என்று பிரபு முடிவே செய்துவிட்டார். நூற்றொரு பீரங்கி வேட்டுக்கு வெடிமருந்து வந்து இறங்கியாயிற்று. பையனை வரவேற்க என் இடுப்பு உயரத்துக்கு ஒரு மூடி ஜாடி செய்யச் சொன்னார். சீனத்துப் பாணியில் இருக்க வேண்டும் என்றார்கள். வழக்கம் போலத் தீட்டினேன். குடை பிடித்த ஆள், தூண்டில் போடுகிற ஆள், ஆளை விடப் பெரிய பறவை, இடைவெளி எங்கும் நாங்கள் 'இந்தியப் பூ' என்று சொல்கிற பூ. இந்தியாவில் அப்படி ஒரு பூ உண்டா என்று கடவுளுக்குத்தான் தெரியும். கடைசியில் ஷ்டுல்ப் வந்து, "கழுத்துல சீன எழுத்து ஏதாச்சும் போடு, வெறிச்சுன்னு இருக்கு" என்றார்.

கோப்பைகளில் தீட்டுகிற படங்களை அப்பா வரைந்து வைத்திருந்த மாதிரிப் புத்தகம் ஞாபகம் இருக்கிறதா? இல்லாமலா இருக்கும். அதன் அட்டைக்கு உள்ளே, ஒட்டுத் தாளுக்கு அடியில், நாலாய் மடித்த ஒரு தாள் இருந்தது. அதில் சீன எழுத்து. அப்பா இவ்வளவு பத்திரமாய் ஒளித்திருக்கிறார் என்றால் இது நிஜமாய்ச் சீனாவிலிருந்து வந்ததுதான் என்று நினைத்தேன். அதைப் பார்த்துக் கழுத்தின் முன்பக்கம் சிவப்பில் பெரிதாய்ப் போட்டுச் சூளையில் சுட்டும் ஆகிவிட்டது.

போன வாரம் பிரபு வந்து பார்த்தார்.

"இது நெஜமாவே சீன எழுத்தா? இல்ல, நீ கிறுக்கினதா?"

"நெஜம்தான் பிரபு. பீக்கிங்லேர்ந்து வந்த தாள். சத்தியமா."

அந்தச் 'சத்தியமா' எங்கிருந்து வந்து விழுந்தது என்று எனக்கே தெரியவில்லை. சத்தியம் பண்ணச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

"அப்ப நல்லதாப் போச்சு. ஈஸ்டர் விருந்துக்குப் பீக்கிங்ல இருபத்தஞ்சு வருஷம் இருந்த சாமியார் ஒருத்தர் வர்றார். எல்லார் முன்னாடியும் வாசிச்சுக் காட்டட்டும்."

நான் உட்கார்ந்து தீட்டும் ஜன்னலிலிருந்து பார்த்தால் பொன் காகிதம் ஒட்டிய தூக்குமரம் தெரியும். ஈயத்தைத் தங்கமாக்குகிறேன் என்று பிரபுவை ஏமாற்றியவனுக்காக மூன்று வருஷத்துக்கு முன்னால் நட்டது. இன்னும் எடுக்கவில்லை. காற்றடித்தால் காகிதம் சரசரக்கிறது.

நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே நீ அந்தப் பட்டறையில் இருந்தவள். அப்பாவுக்கு அந்தத் தாள் எங்கிருந்து வந்தது? அதில் என்ன எழுதியிருக்கிறது?

உன் தம்பி (இன்னும் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம் என்றால்),
யோஸ்ட்

---

ஆக்ஸ்பர்க், பிப்ரவரி 27

யோஸ்ட்,

அப்பாவைப் புதைத்த நாலாம் நாள், நான் கல்லறைக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாய். மேஜைமேல் ஒரு சீட்டு. "அக்கா, நீ பெண்பிள்ளை, உனக்கு எதற்கு இது" என்று எழுதியிருந்தாய். உனக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்தது யார் என்பதுகூட மறந்து போயிற்று. இரண்டு வருஷமாய் நான் என் ஞாபகத்திலிருந்து எடுத்துத்தான் கோப்பைகளுக்குப் படம் தீட்டிப் பிழைக்கிறேன். செத்துப்போய்விடவில்லை.

இதை எல்லாம் எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். எழுதிவிட்டேன், போகட்டும்.

அந்தத் தாளை நீ ஏன் தொட்டாய்? அட்டைக்குள் ஒட்டி வைத்ததை யாராவது பிய்ப்பார்களா?

உடனே எனக்கு ஒரு பதில் வேண்டும். ஜாடியில் நீ போட்டதை அப்படியே ஒரு காகிதத்தில் வரைந்து அனுப்பு. ஒரு கோடுகூட அழகுக்காகச் சேர்க்காதே, குறைக்காதே. கடைசியில் ஒரு கொக்கி மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார். இரண்டு தடவை பார்.

அப்பொலோனியா

---

ஹோஹன்லிண்ட், மார்ச் 5

மரியாதைக்குரிய சகோதரிக்கு,

இங்கே அனைவரும் நலம். மேற்பார்வையாளர் ஷ்டுல்ப் அவர்கள் எங்களைத் தகப்பனைப் போலப் பார்த்துக்கொள்கிறார். தவக்காலத்து முட்டைக்கோஸ் மிகவும் ருசியாக இருக்கிறது. பிரபுவின் ஆரோக்கியத்துக்காக நீங்களும் பிரார்த்திக்கவும்.

தங்கள் பணிவுள்ள யோஸ்ட்

---

அதே நாள். கிரெட்லின் பூட்ஸில்.

அக்கா,

வாசல் வழியாய் வந்ததைக் கிழித்துப் போடு. இரண்டு வருஷமாய் வீட்டுக்கு ஒரு வரிகூட எழுதாதவன் என்று ஷ்டுல்ப்புக்குச் சந்தேகம் வரக் கூடாது என்று எழுதினேன். முட்டைக்கோஸ் பன்றிகூடத் தின்னாது.

வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டே குறிகள்தான். முதலாவது கூரை போட்ட வீடு, மேலே சுருண்டு போகும் புகை. இரண்டாவது படுத்துக் கிடக்கும் குச்சி மனிதன், அவன்மேல் மூன்று சொட்டு. அவ்வளவுதான். வெளிச்சத்தில் பிடித்தேன், கவிழ்த்துப் பார்த்தேன், பின்பக்கமும் பார்த்தேன். கொக்கி இல்லை.

நீ கேட்ட விதத்திலேயே ஏதோ இருக்கிறது. எதுவானாலும் சொல்லிவிடு. தெரியாமல் பயப்படுவதை விடத் தெரிந்து பயப்படுவது மேல்.

யோஸ்ட்

---

ஆக்ஸ்பர்க், மார்ச் 12

யோஸ்ட்,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இது நாலாவது.

அந்தத் தாள் சீனாவிலிருந்து வரவில்லை. நம் சமையலறை மேஜையிலிருந்து வந்தது. எழுதியது நான். எனக்கு அப்போது எட்டு வயது.

நீ பிறந்த மறுநாள் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஒன்பது நாள் கிடந்தாள். அறைக்குள் என்னை விடவில்லை. அப்பாவின் பட்டறையில் சீனத் தட்டு ஒன்று மாதிரிக்காக இருந்தது. அதில் இருந்த எழுத்துகளைப் பார்த்து நானும் சொந்தமாய் எழுத்து உண்டாக்கினேன். வீடும் புகையும் என்றால் அம்மா. படுத்த ஆள்மேல் மூன்று சொட்டு என்றால் சாவு. கடைசியில் ஒரு கொக்கி, அது 'கூடாது'. அம்மா சாகக் கூடாது. யாருக்கும் புரியாத எழுத்தில் எழுதினால் கடவுள் கவனித்துப் பார்ப்பார் என்று எனக்கு ஒரு எண்ணம். குழந்தைப் புத்தி. ஒரு நாளைக்கு ஒரு தாள்.

எட்டு நாள் எட்டுத் தாள். அம்மா அதுவரை தாங்கினாள். ஒன்பதாம் நாள் காலையில் நான் எழுதிக்கொண்டிருக்கும்போது நீ தொட்டிலில் கத்தினாய். எழுந்து போய் ஆட்டினேன். திரும்பி வந்து, எழுதி முடித்துவிட்டதாய் நினைத்துத் தாளை மடித்து வைத்தேன். மத்தியானம் அம்மா போய்விட்டாள். சாயங்காலம் தாளைப் பிரித்தால், கொக்கி இல்லை.

'அம்மா சாவு.' அதைத்தான் நான் எழுதியிருந்தேன், யோஸ்ட்.

யாரிடமும் சொல்லவில்லை. மற்ற எட்டுத் தாள்களை அப்பா பார்த்து, "அசல் சீனாக்காரன் எழுத்தாட்டமே இருக்கே, லோனி" என்று சந்தோஷப்பட்டார். ஊசியால் துளை போட்டுக் கரித்தூள் தட்டி, கோப்பை கோப்பையாய்ப் பதித்துத் தாள்கள் நைந்து போகும்வரை விற்றார். அவருக்கு அது வெறும் கோடு. ஒன்பதாவதை நான் அட்டைக்குள் ஒட்டினேன். எரிக்கவும் துணிவு வரவில்லை, வெளியே வைக்கவும் துணிவு வரவில்லை. அப்பா போன பிறகு எப்படியும் எரித்துவிடுவது என்று இருந்தேன். அதற்குள் நீ புத்தகத்தோடு ஓடிவிட்டாய். நான் ஆத்திரப்பட்டது புத்தகத்துக்காக என்று நீ இத்தனை நாள் நினைத்திருப்பாய்.

இப்போது அது ஒரு கர்ப்பிணியின் ஜாடியில் இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு முன் என் கையால் நடந்தது போதாதா?

லோனி

---

ஹோஹன்லிண்ட், மார்ச் 17

அக்கா,

கடிதத்தை வண்ணம் அரைக்கும் அறையில் நின்றபடி படித்தேன்.

என் பயம் எல்லாம் என் கழுத்தோடு இருந்தது. இப்போது பெரிதாகிவிட்டது. நீ இங்கே இல்லாததால் உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். பிரபுவின் முதல் மனைவி பிரசவத்தில்தான் செத்தாள். அவள் படம் விருந்துக் கூடத்தில் தொங்குகிறது. ஜாடியை அதற்கு நேர் கீழே வைத்திருக்கிறார்கள். புது மனைவிக்கு இருபது வயது. தினமும் அந்தப் படத்தின் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறாள். எல்லாரும் "பையன், பையன்" என்றுதான் பேசுகிறார்கள். அவளைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

தீட்டுகிறவர்களில் கிழவர் ரூப்ரெக்ட் இன்று என்னிடம், "என்னடா, மூஞ்சி சுடாத பீங்கானாட்டம் இருக்கு? சாமியார் வர்றார்னு பயமா? உன் எழுத்து நெஜம்தானே?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பல் கிட்டித்துக்கொண்டது.

ஒன்று சொல்ல வேண்டும். தொட்டிலில் கத்தினது நான். கொக்கி விட்டுப் போனதற்கு யார் காரணம் என்று கணக்குப் பார்த்தால் அதில் நானும் இருக்கிறேன். எட்டு வயசுப் பெண் தனியாய்ச் சுமக்க வேண்டிய விஷயம் இல்லை இது.

அந்தச் சாமியார் பெயர் எட்லிங்கர். ஷ்டுல்ப் சொன்னார், இங்கே வருவதற்கு முன்னால் ஆக்ஸ்பர்கில் இயேசு சபை மடத்தில்தான் தங்கியிருக்கிறாராம். அக்கா, போய்ப் பார்ப்பாயா? காலில் விழு. எனக்காக விழ வேண்டாம். அந்தப் பெண்ணுக்காக விழு.

யோஸ்ட்

---

ஆக்ஸ்பர்க், மார்ச் 23

யோஸ்ட்,

போனேன். இரண்டு நாள் வாசலிலேயே உட்கார வைத்தார்கள். மூன்றாம் நாள் கூப்பிட்டார்கள். ஒல்லியான மனிதர், வெயிலில் காய்ந்த தோல், காது கொஞ்சம் மந்தம். காணிக்கையாய் நான் தீட்டின கோப்பை ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இருபத்தஞ்சு வருஷம் அங்க இருந்தேம்மா. இந்த மாதிரித் தொப்பி போட்ட ஒருத்தனைக்கூட நான் பார்த்ததில்ல. இவன் என்ன, பறவை மேல குடை பிடிக்கிறானா?"

வேறு சமயமாய் இருந்தால் சிரித்திருப்பேன். நீ வரைந்த காகிதத்தை முன்னால் வைத்தேன். ஒரு பார்வைதான்.

"இது சீன எழுத்து இல்லையே."

எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவை, ஒன்பது நாளை, கொக்கியை. பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் சொல்லாதது. அவர் கையைக் காதுக்குப் பக்கத்தில் குவித்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்:

"பொய் சொல்ல மாட்டேன். உன் தம்பி கழுத்துக்காகவும் சொல்ல மாட்டேன். ஆனா, என்ன எழுதியிருக்குன்னு கேட்டா, எழுதினவ என்ன நெனச்சு எழுதினாளோ அதைச் சொல்றது பொய்யில்ல. நீ இப்பச் சொல்லிக் குடுத்துட்ட, எனக்கு வாசிக்கத் தெரியும்."

"கொக்கி இல்லியே சாமி."

"கொக்கி இருந்தா இருக்கிற மாதிரி வாசிப்பேன். இல்லாட்டி இல்லாத மாதிரி வாசிப்பேன். இது என்ன பாஷைன்னு கேட்டாங்கன்னா அதுக்கும் உண்மையத்தான் சொல்லணும். கேக்காம இருக்கணும்னு வேண்டிக்கோ."

அவ்வளவுதான் கிடைத்தது. கருணை உள்ளவரா கல்நெஞ்சரா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஆகவே ஒரே வழி. விருந்துக்கு முன்னால் ஜாடியில் கொக்கி இருக்க வேண்டும். எப்படிப் போடுவாய் என்று எனக்குத் தெரியாது. சின்ன விரல் நகம் அளவு. சொட்டுகளுக்கு வலப்பக்கம், கீழ்நோக்கி வளைந்து, நுனி மேலே. மீன் தூண்டில் மாதிரி. போடு.

லோனி

---

ஹோஹன்லிண்ட், ஏப்ரல் 1

அக்கா,

போட்டுவிட்டேன். ஆனால் சரியாய் இல்லை.

ஜாடியைச் சூளைக்குத் திரும்பக் கொண்டுபோக என்ன காரணம் சொல்வது? சொன்னால் ஷ்டுல்ப் மோப்பம் பிடிப்பார். அதனால் விருந்துக்கு முன்னால் தூசி தட்டுகிறேன் என்று கூடத்துக்குள் போனேன். அதே சிவப்பை எண்ணெயில் குழைத்துச் சட்டைக் கைக்குள் வைத்திருந்தேன். பணிப்பெண் திரும்பின நேரத்தில் ஒரே இழுப்பு. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் நெருப்பில் சுடாத வண்ணம். பீங்கான் வழுவழுப்பில் எண்ணெய் காய ஒரு வாரமாவது வேண்டும். இருப்பதோ இரண்டு நாள். யாராவது தொட்டால் கையோடு வந்துவிடும்.

நாளைக்கு ஈஸ்டர். மறுநாள் விருந்து. கிரெட்ல் இப்போதே புறப்படுகிறாள். இதுதான் கடைசிக் கடிதமாய் இருந்தால், புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடினதற்கு மன்னிப்புக் கேட்டிருந்தேன் என்று வைத்துக்கொள். அந்தச் சீட்டில் எழுதினதற்கும்.

யோஸ்ட்

---

ஹோஹன்லிண்ட், ஏப்ரல் 5

அக்கா,

உயிரோடு இருக்கிறேன். ஒழுங்காய் வரிசையாய்ச் சொல்லப் பார்க்கிறேன்.

எங்களைச் சுவரோரம் நிற்க வைத்தார்கள். வாத்து, மீன், அப்பங்கள் எல்லாம் வந்து போயின. வாசனைகூட எனக்குத் தெரியவில்லை. பிரபு குவளையைத் தட்டினார்.

"சாமி, என் பையனுக்குச் சீனாவில என்ன வாழ்த்து எழுதியிருக்காங்கன்னு வாசிங்க."

பாதிரியார் எழுந்து ஜாடியிடம் போனார். கண்ணாடி மாட்டிக்கொண்டார். ரொம்ப நேரம் கொக்கியையே பார்த்துக்கொண்டு நின்றார். எண்ணெய் மினுமினுப்பு அவருக்குத் தெரிந்துவிட்டது. சத்தியமாய்த் தெரிந்துவிட்டது.

"இதில எழுதியிருக்கிறது," என்றார், "'அம்மா சாகக் கூடாது.'"

மேலே முதல் மனைவியின் படம். பிரபுவின் முகம் சிவந்தது.

"பையனைப் பத்தி ஒண்ணும் இல்லியா? சீனாக்காரன் இப்படியா எழுதுவான்?"

அதுதான் அந்தக் கேள்வி. பாதிரியார் கண்ணாடியைக் கழற்றி மெதுவாய்த் துடைத்தார்.

"பிரபு, பீக்கிங்ல பிரசவம் நடக்கிற வீட்டு வாசல்ல நான் எத்தனையோ தடவை நின்னிருக்கேன். அந்த வீட்டுப் பிள்ளைங்க அங்கயும் இதையேதான் கேட்டு அழுவாங்க."

பிரபு மேலே எதுவும் கேட்கவில்லை. அதற்குள் அவர் மனைவி எழுந்துவிட்டாள். யாரும் எழச் சொல்லவில்லை. நேராய் ஜாடிக்குப் போனாள். வீட்டின் மேல் விரலை வைத்தாள். அங்கிருந்து படுத்த ஆள். மூன்று சொட்டு. குழந்தை எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி விரலாலேயே தடவிக்கொண்டு போனாள். நான் மனசுக்குள் கத்தினேன், போதும் அம்மா, அங்கேயே நிறுத்து என்று.

கொக்கியையும் தடவினாள்.

விரலைத் திருப்பிப் பார்த்தாள். நுனி சிவப்பாய் இருந்தது. ஜாடியில் ஒரு மங்கல் கறைதான் மிச்சம். அவள் முகத்தில் ஒரு துளி மாற்றம் இல்லை. கையை மூடிக்கொண்டு, ஜாடியின் முன்னால் தன் உடம்பை மறைப்பாக வைத்து நின்று, "ரொம்ப நல்லா இருக்கு. இதை என் ரூமுக்குக் கொண்டு வாங்க" என்றாள்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டாள். பணிப்பெண்ணை வெளியே அனுப்பிவிட்டு விரலைக் காட்டினாள். அந்தச் சிவப்பை அவள் கழுவவில்லை.

"இது இன்னும் காயவே இல்லியே?"

முழங்காலில் விழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். நீ எழுதினது, ஒன்பது தாள், கொக்கி. ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டே வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். தூக்கு, சிறை எல்லாம் அவள் வாயில் வரவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்த அம்மா பொழச்சாங்களா?"

அக்கா, அது வரைக்கும் நான் சொன்னதெல்லாம் உண்மை. வயிற்றின்மேல் வைத்த கையை அவள் இன்னும் எடுக்கவில்லை.

"பொழச்சாங்க, அம்மணி. ஒன்பதாம் நாள் என் அக்கா பார்த்துட்டுக் கொக்கியைப் போட்டுட்டா. காய்ச்சல் விட்டுடுச்சு. எனக்கு ரொட்டியைப் பாலில நனச்சுக் குடுத்து வளர்த்தாங்க. கை பிடிச்சுப் படம் தீட்டச் சொல்லிக் குடுத்தாங்க. இன்னும் ஆக்ஸ்பர்க்ல இருக்காங்க."

சொல்லும்போது என் கண்முன்னால் நின்றது உன் முகம்தான்.

அவள் ரொம்ப நேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்ப அந்தக் கொக்கியைத் தொட்டா வராத மாதிரிப் போடுங்க. ஏன் திரும்பச் சூளைக்குன்னு கேட்டா, விளிம்புல தங்கப் பூச்சு வேணும்னு நான் சொன்னதா ஷ்டுல்ப் கிட்டச் சொல்லுங்க" என்றாள்.

நான் பொய் சொன்னது தப்பா? நீ என்ன சொல்லியிருப்பாய்?

யோஸ்ட்

---

ஆக்ஸ்பர்க், ஏப்ரல் 12

யோஸ்ட்,

நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். சொல்ல எனக்கு வாய் வந்திருக்குமா என்பதுதான் தெரியவில்லை.

அந்த ரொட்டி வரியை இங்கே பல தடவை படித்தாகிவிட்டது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

இப்போது சூளை. அவ்வளவு பெரிய ஜாடி மறுபடி நெருப்பு தாங்குமா என்று எனக்கு நடுக்கமாய் இருக்கிறது. விரிசல் விட்டால் அந்தப் பெண் அதை வெறும் ஜாடியின் விரிசலாய் எடுத்துக்கொள்ள மாட்டாள். மெதுவாய்ச் சூடேற்று. ஆறுகிறவரை கதவைத் தொடாதே. உனக்குப் பொறுமை கிடையாது, அப்பாவின் கோப்பை எத்தனை உடைத்திருக்கிறாய். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்.

ஒன்பதாவது தாளை எனக்கு அனுப்பிவிடு.

லோனி

---

ஹோஹன்லிண்ட், ஏப்ரல் 25

அக்கா,

மூன்று நாள் சூளைக் கதவைத் தொடவில்லை. கிழவர் ரூப்ரெக்ட், "என்னடா, முட்டைமேல கோழியாட்டம் உக்காந்திருக்க?" என்று கேலி செய்தார். உள்ளே ஒரு தடவை 'டிக்' என்று சத்தம் கேட்டது. சத்தியமாய் என் உயிர் போய்த் திரும்பி வந்தது. செங்கல் ஆறுகிற சத்தம்.

இன்று காலை திறந்தேன். விரிசல் இல்லை. கொக்கி நின்றுவிட்டது. நகத்தால் சுரண்டினேன், ஈரத் துணியால் தேய்த்தேன், வரவில்லை. சீமாட்டியும் தேய்த்துப் பார்த்தாள். ஜாடி அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. தூக்குமரத்தை நான் இப்போது பார்ப்பதே இல்லை. அவள் அந்தக் கொக்கியை நம்பிவிட்டாள். நம்ப வைத்தது நான். ஜூன் வரைக்கும் எப்படித் தூங்குவேன்?

தாள் இத்துடன்.

யோஸ்ட்

---

ஆக்ஸ்பர்க், மே 4

யோஸ்ட்,

தாள் வந்தது. அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. பக்கத்தில் போய் நின்றேன். பிறகு மேஜைக்குத் திரும்பி, மசியைத் தொட்டுக் கொக்கியைப் போட்டேன். முப்பது வருஷம் கழித்து. கொஞ்சம் கோணல். காய்ந்ததும் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டேன். இனி ஒளித்து வைக்கப் போவதில்லை.

தினமும் காலையில் மாதா கோயிலில் அந்தப் பெண்ணுக்காக ஒரு மெழுகுவர்த்தி வைக்கிறேன். பிறந்ததும் எழுது. எதுவானாலும் எழுது. எதுவானாலும், புரிகிறதா?

லோனி

---

ஹோஹன்லிண்ட், ஜூன் 11, ஞாயிறு

அக்கா,

வெள்ளிக்கிழமை மத்தியானம் வலி எடுத்தது. நேற்று முழுக்கக் கோட்டையில் யாரும் உரக்கப் பேசவில்லை. பீரங்கிக்காரர்கள் திரியோடு மதில்மேல் நின்றார்கள். நான் ஒரு தட்டில் ஒரே பூவை நாலு தடவை தீட்டி நாலு தடவையும் துடைத்தேன்.

இன்று காலை பூசை முடிந்த நேரம், மேலே ஜன்னல்கள் எல்லாம் சட்டென்று திறந்தன. ஏதோ நடந்துவிட்டது என்று எல்லாருக்கும் தெரிந்தது. வேட்டுக்காகக் காதைப் பொத்திக்கொண்டு நின்றோம். வேட்டு வரவில்லை. மணியும் அடிக்கவில்லை. பீரங்கிக்காரர்கள் ஒவ்வொருவராய்த் திரியை அணைத்துவிட்டு இறங்கிப் போனார்கள். ரூப்ரெக்ட் தொப்பியைக் கழற்றினார். அக்கா, அந்த ஒரு மணி நேரத்தை நான் எழுத மாட்டேன். என்னிடம் இருந்தது அந்தக் கொக்கி ஒன்றுதான். அதுவும் வெறும் வண்ணம்தானே என்று தோன்றிவிட்டது.

ஷ்டுல்ப் படியில் இறங்கி வந்தார். முகம் தொங்கியிருந்தது. அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். அவர் சட்டையை! "என்ன ஆச்சு? சொல்லுங்க!"

"விடுடா, பைத்தியமா உனக்கு? பொண்ணு பொறந்திருக்கு. பொண்ணுக்கு எவன்டா வேட்டு போடுவான்? அத்தனை வெடிமருந்தும் வீண்."

"அம்மா?"

"எந்த அம்மா?"

"பெத்தவங்க!"

"அவங்களுக்கென்ன? எழுந்து உக்காந்து சூப் கேக்கறாங்க."

யோஸ்ட்